எந்த மொழியில் படிப்பது? தமிழ், இங்கிலீஷ், ஜெர்மன்: பக்கத்தில் வைத்து ஒரு பார்வை

வைகாசியில் பள்ளத்தூர் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். தங்கச்சி பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டை மடியில் வைத்துக்கொண்டு பட்டாலையில், அதாவது கூடத்தில், உட்கார்ந்திருந்தாள், சுற்றி ஆளுக்கொரு யோசனை. பக்கத்திலேயே தமிழ் வழியில் பி.எஸ்சி. சேர்ந்தால் போதும், அரசு வேலைக்குப் படிக்கலாம் என்று சித்தப்பா. இன்ஜினியரிங்தான் என்று சித்தி. ரஷ்யப் பக்கம் மருத்துவம் படிக்க வைக்கலாம் என்று ஒரு மாமா நோட்டீஸோடு வந்திருந்தார். அவளுக்கோ ஜெர்மனி. "ஆச்சி, நீங்கதான அங்க படிச்சவுக, எதுல சேரட்டும்?" என்று என்னைக் கேட்டாள். எங்கள் பக்கம் அக்காவை ஆச்சி என்போம். அன்று சொன்னதும், அப்புறம் போனில் பல நாள் பேசியதும்தான் இது. அவளைப் போல கிராமத்து அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு இதே கேள்வியோடு நிற்கிற பிள்ளைகள் நம் ஊர்களில் நிறைய என்பதால் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்று. வெளிநாட்டு மொழியில் படிப்பது என்றால் ஜெர்மனியும் ஜப்பானும்தான் நினைவுக்கு வருகின்றன. தமிழ் வழியில் பன்னிரண்டு வருடம் படித்த பிள்ளைக்குக் காரைக்குடியில் உள்ள கல்லூரியே வெளிநாட்டு மொழிக் கல்லூரிதான். அங்கே பாடம் நடப்பது இங்கிலீஷில். இதை யாரும் ஒரு மாற்றமாகவே எண்ணுவதில்லை, "போகப் போகச் சரியாயிரும்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். சரியாகிறதுதான், ஆனால் அதற்குள் என்னென்ன கைவிட்டுப் போகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கல்லூரி முதல் வருடம், மின்வேதியியல் வகுப்பு. சார் போர்டில் டேனியல் செல் என்கிற மின்கலத்தின் படம் வரைந்து, துத்தநாகத் தகட்டின் மேல் 'ஆனோடு' என்று எழுதி, பக்கத்தில் மைனஸ் குறி போட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பள்ளியில் நான் படித்தது ஆனோடு என்றால் நேர்மின்வாய், கேத்தோடு என்றால் எதிர்மின்வாய். நேர் என்றால் பிளஸ்தானே, அங்கே எப்படி மைனஸ் வரும்? சார் தப்பாகப் போட்டுவிட்டார் என்று முதலில் நினைத்தேன், அப்புறம் அவர் சொன்ன இங்கிலீஷ் எனக்குத்தான் புரியவில்லை என்று நினைத்தேன், எழுந்து கேட்க வாய் வரவில்லை. கேள்வி மனதில் தமிழில் முழுசாக இருந்தது, அதை இங்கிலீஷில் ஒரு வாக்கியமாக்க என்னால் முடியவில்லை. மூன்று வாரம் அந்தச் சந்தேகத்தை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், அதன் மேல் கட்டிய பாடம் எதுவும் ஏறவில்லை.

கடைசியில் லைப்ரரியில் புத்தகத்தைப் புரட்டித்தான் பிடிபட்டது. ஆனோடு என்பது ஆக்சிஜனேற்றம் நடக்கிற இடம், அவ்வளவுதான். மின்னாற்பகுப்பில் வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கிறோம், அதனால் அந்த முனை பிளஸோடு இணைந்திருக்கும், 'நேர்மின்வாய்' என்ற சொல் அங்கே பொருந்தும். மின்கலத்திலோ அதே முனை எலக்ட்ரானை வெளியே தள்ளுகிறது, ஆகவே அது மைனஸ். தமிழ்ச் சொல் மின்னேற்றத்தை வைத்து உண்டானது, இங்கிலீஷ் சொல் அப்படி இல்லை. அந்த வகுப்பில் கேட்கத் தகுந்த நல்ல கேள்விகளில் அது ஒன்று. மொழி இல்லாததால் யாருக்கும் கேட்காமல் போனது. இன்றைக்கு நினைத்தாலும் அதுதான் எனக்கு வருத்தம். எந்த மொழியில் பாடம் கேட்டால் புரியும் என்று எல்லோரும் பார்க்கிறார்கள். எந்த மொழியில் என்னால் சந்தேகம் கேட்க முடியும் என்று பார்க்க வேண்டும், அதுவும் முதல் செமஸ்டருக்குள். மற்ற கணக்கெல்லாம் இதற்கு அப்புறம்.

இந்தக் கண்ணோடு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

தமிழ் வழியில் சந்தேகம் கேட்பதற்குத் தடையே இல்லை, அந்த ஒரு காரணத்துக்காகவே அதை மட்டமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அரசு கலைக் கல்லூரிகளில் வரலாறு, பொருளாதாரம் போன்றவை தமிழ் வழியில் இருக்கின்றன, சில இடங்களில் கணிதமும் அறிவியலும் உண்டு. இன்ஜினியரிங்கிலும் அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழ் வழியில் தொடங்கியது. அரசு வேலைதான் குறி என்றால் இன்னொரு பலமும் உண்டு: தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணி நியமனத்தில் 20 சதவீதம் முன்னுரிமை. 2010இல் சட்டம் வந்தது, 2020இல் அதைத் திருத்தி, பட்டம் மட்டும் போதாது, பள்ளியிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். தங்கச்சிக்கு அது முழுசாகப் பொருந்தும், இடையில் பட்டத்தை இங்கிலீஷ் வழியில் எடுத்தால் பட்டப்படிப்பைத் தகுதியாகக் கேட்கிற வேலைகளுக்கு அந்தச் சலுகை போய்விடும். சித்தப்பா சொன்னதில் நியாயம் இருக்கிறது, நன்றாக யோசித்துத்தான் சொல்லியிருக்கிறார்.

குறை என்ன என்றால், மேலே போகப் போகப் புத்தகம் குறைகிறது. பி.எஸ்சி. மூன்றாம் வருடத்துக்கு மேல் ஸ்பெக்ட்ராஸ்கோபிக்கோ குவாண்டம் வேதியியலுக்கோ தமிழில் நாலு புத்தகம் எடுத்து ஒப்பிட்டுப் படிக்க வழியில்லை, ஆய்வுக் கட்டுரை எல்லாமே இங்கிலீஷ். வேதியியலில் மேலே படித்து லேபில் வேலை செய்ய ஆசைப்படுகிற பிள்ளை என்றைக்காவது அந்த ஆற்றைத் தாண்டித்தான் ஆக வேண்டும், எம்.எஸ்சி.யில் தாண்டுவதை விட பதினெட்டு வயதில் தாண்டுவது சுலபம். வரலாறோ தமிழோ படிக்கிறவர்களுக்கு இந்தக் கட்டாயம் இவ்வளவு இல்லை.

அடுத்து உள்ளூரிலேயே இங்கிலீஷ் வழி. காரைக்குடிக்காரர்களுக்கு இதில் கொடுப்பினை அதிகம். அழகப்பச் செட்டியார் 1947இல் கல்லூரி தொடங்கினார், 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தை இந்த ஊருக்குக் கொண்டுவந்தார், 1948இல் நேரு அடிக்கல் நாட்டி 1953இல் திறந்தார்கள். இன்ஜினியரிங் கல்லூரி, பல்கலைக்கழகம், நாம் பேச்சில் 'சிக்ரி' என்கிற அந்த ஆராய்ச்சி நிலையம், எல்லாம் பஸ்ஸில் போய்த் திரும்பும் தூரம். அந்த நிலையத்திலேயே பி.டெக். படிப்பும் இருக்கிறது. நம் வீட்டுச் சோறு சாப்பிட்டுக்கொண்டே புது மொழியில் படிக்கலாம் என்பது சின்ன விஷயம் கிடையாது. பாடம் புரியாத நாளில் பக்கத்து பெஞ்சுப் பிள்ளையிடம் தமிழில் கேட்கலாம், சாரே வகுப்பு முடிந்ததும் தமிழில் சொல்லித் தருவார். வகுப்பு இங்கிலீஷ், வராந்தா தமிழ். வெளிநாட்டில் அந்த வராந்தா கிடைக்காது.

அந்த வராந்தாவிலேயே தங்கிவிடுகிற ஆபத்தும் உண்டு. நான்கு வருடமும் நோட்ஸை மனப்பாடம் செய்து பாஸாகிவிட்டு, ஒரு கருத்தைக்கூட இங்கிலீஷில் சொந்தமாக விளக்கத் தெரியாமல் வெளியே வருகிறவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் மக்கு இல்லை. வாய் திறக்கத் தேவையே வராதபடி நான்கு வருடம் ஓடிவிட்டது, அவ்வளவுதான். அரசின் ஸ்வயம் தளத்திலும் என்.பி.டி.இ.எல்.லிலும் ஐ.ஐ.டி. ஆசிரியர்கள் நடத்துகிற பாடங்கள் இலவசமாகக் கிடக்கின்றன, பல பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் இருக்கிறது. முதல் நாள் ராத்திரி தமிழில் பார்த்துவிட்டு மறுநாள் வகுப்பில் இங்கிலீஷில் கேட்டால், புதுப் பாடமும் புது மொழியும் ஒரே நேரத்தில் தலையில் விழாது. இதை நான் படிக்கும்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இனி ஜெர்மனி. இதில் இரண்டு வகை இருக்கிறது, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, ஜெர்மனியில் இங்கிலீஷில் நடக்கிற படிப்பு. மாஸ்டர்ஸில் இது நிறைய உண்டு, இளநிலைப் பட்டத்தில் குறைவு. நான் போனது மாஸ்டர்ஸுக்கு, இந்த வகையில். ஐ.இ.எல்.டி.எஸ். என்ற இங்கிலீஷ் தேர்வில் பல இடங்களில் 6.5 கேட்பார்கள். இந்தியாவில் படித்தவர்கள் ஏ.பி.எஸ். என்ற சான்றிதழ் சரிபார்ப்பை முடிக்க வேண்டும், 2022 நவம்பரிலிருந்து விசாவுக்கு அது கட்டாயம். அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மைதான், ஆனால் பாடன் வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள், மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து கட்டணம் வைத்துவிட்டது. கட்டணம் இல்லாத இடத்திலும் விசாவுக்கு ஒரு வருடச் செலவுக்கான பணத்தை முடக்கக் கணக்கில், அதாவது மொத்தமாக எடுக்க முடியாத வங்கிக் கணக்கில், போட்டுக் காட்ட வேண்டும், 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ, மாதம் 992 வீதம் எடுத்துக்கொள்ளலாம். நம் பணத்தில் பத்து லட்சத்தைத் தாண்டுகிறது. "ஜெர்மனியில் படிப்பு இலவசம்" என்று கேள்விப்பட்டு வருகிற குடும்பங்கள் இந்த இடத்தில்தான் திகைத்துப் போகின்றன, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வகுப்பு இங்கிலீஷில் என்பதால் ஜெர்மன் வேண்டாம் என்று அர்த்தமில்லை. வீடு தேட, டாக்டரிடம் போக, பகுதி நேர வேலைக்கு, படித்து முடித்துப் பதினெட்டு மாதம் வேலை தேடத் தருகிற அனுமதியைப் பயன்படுத்த, எல்லாவற்றுக்கும் அது வேண்டும். என் வகுப்பில் ஜெர்மன் தெரியாமல் நல்ல மார்க்கோடு முடித்தவர்களுக்கு, என்னைப் போலச் சுமார் மார்க் வாங்கி ஜெர்மன் தெரிந்தவர்களை விட வேலை கிடைக்க அதிக நாள் ஆனது.

இரண்டாவது வகை, ஜெர்மனிலேயே படிப்பது. இதற்கு டெஸ்ட்டாஃப் என்ற ஜெர்மன் மொழித் தேர்வில் நான்கு பிரிவிலும் நான்காம் நிலை, அல்லது டி.எஸ்.ஹெச். என்ற இன்னொரு மொழித் தேர்வில் 2ஆம் நிலை, அல்லது சி1 சான்றிதழ், இப்படி ஏதாவது ஒன்றைக் கேட்பார்கள். மொழித் திறனுக்கு ஏ1தான் முதல் படி, அங்கிருந்து ஏ2, பி1, பி2 என்று ஏறி சி1 வருவதற்கு முழு நேரமாக உட்கார்ந்தாலும் ஒரு வருடம் ஓடிவிடும், வார இறுதி வகுப்பு என்றால் இரண்டு மூன்று வருடம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு நேரே பட்டப்படிப்பில் சேர எல்லோருக்கும் தகுதி வராது, ஸ்டூடியன்கொலெக் என்ற ஆயத்தப் படிப்பில் உட்கார வேண்டியிருக்கும், அதற்குள் நுழையவே ஓரளவு ஜெர்மன் வேண்டும்.

நான் மாஸ்டர்ஸில் ஒரே ஒரு விருப்பப் பாடத்தை மட்டும் ஜெர்மனில் எடுத்தேன், உலோக அரிமானம் பற்றியது. துணிச்சல் வந்ததற்குக் காரணம், துருப்பிடிப்பதைப் பற்றி ஏற்கெனவே இங்கே நன்றாகப் படித்திருந்தேன், மண்டபத்தில் கடலோரத்தில் சிக்ரி நடத்துகிற சோதனை நிலையத்தைக் கல்லூரியிலிருந்து போய்ப் பார்த்திருந்தேன். விஷயம் தெரிந்திருந்ததால் மொழி மட்டும்தான் புதுசு. அதில் எனக்குக் கிடைத்த சந்தோஷத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஜெர்மனில் ஹைட்ரஜனுக்கு வாஸ்ஸர்ஷ்டோஃப் என்று பேர், வாஸ்ஸர் என்றால் தண்ணீர், ஷ்டோஃப் என்றால் பொருள். ஆக்சிஜன் ஸௌவர்ஷ்டோஃப், புளிப்புப் பொருள், அமிலத்தை வைத்து வந்த பேர். கார்பன் கோலன்ஷ்டோஃப், கரிப் பொருள். நாம் கரிம வேதியியல் என்று படித்தோமே, அதே கரி! இங்கிலீஷில் வெறும் ஒலியாக மனப்பாடம் செய்த சொற்கள் இந்த மொழியில் தமிழ் போலவே அர்த்தத்தோடு பேசின. அப்புறம் வினைச்சொல்: ஜெர்மனில் துணை வாக்கியத்தில் வினை கடைசியில் போய் உட்காரும், கூடப் படித்த இங்கிலீஷ்காரப் பையனுக்கு அதற்குள் மூச்சு முட்டும், கடைசி வரை காத்திருந்து கேட்பது தமிழ்க் காதுக்குப் பிறவிப் பழக்கம்.

கஷ்டங்களும் இருந்தன. எண்ணைத் தலைகீழாகச் சொல்வார்கள், இருபத்து நான்கை நான்கும் இருபதும் என்பார்கள், வேகமாகப் பேசும்போது குறித்துக்கொள்வதற்குள் மாறிவிடும். புள்ளிக்கும் காற்புள்ளிக்கும் அங்கே வேலை மாறி இருக்கும். லேப் தாளில் 1.250 மில்லிகிராம் என்று இருந்ததை ஒன்றேகால் மில்லிகிராம் என்று எடுத்துக்கொண்டு தராசின் முன்னால் நின்றேன், அது ஆயிரத்து இருநூற்றைம்பது. பக்கத்தில் இருந்தவள் பார்த்துச் சொன்னதால் அன்றைய சோதனை தப்பியது. ஒரு பாடத்துக்கே இவ்வளவு என்றால் எல்லாப் பாடத்தையும் அப்படி எடுக்கிறவர் முதல் வருடம் என்ன பாடு படுவார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஆனால் அதைத் தாண்டியவர்களை ஊர்க்காரர்களாகவே மதிக்கிறார்கள், அதையும் பார்த்திருக்கிறேன்.

மாமா கொண்டுவந்த மருத்துவ நோட்டீஸைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். மற்ற படிப்பில் மொழி மாறினால் மார்க் குறையும், இதில் மொழி மாறினால் படிப்பே செல்லாமல் போகும். தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் கொண்டுவந்த விதிப்படி, வெளிநாட்டில் படித்துவிட்டு இந்தியாவில் டாக்டராகத் தொழில் செய்ய வேண்டும் என்றால் படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும், அதே நிறுவனத்தில் 12 மாதம் பயிற்சி மருத்துவராக இருந்திருக்க வேண்டும், பாடம் இங்கிலீஷில் நடந்திருக்க வேண்டும். நீட் தேர்ச்சியும் வேண்டும். எங்கள் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவனை முழுக்க இங்கிலீஷ்தான் என்று சொல்லித்தான் ஒரு ஏஜெண்ட் அனுப்பினார். மூன்றாம் வருடத்திலிருந்து வகுப்பு அந்த நாட்டு மொழிக்கு மாறிவிட்டது, பெற்றோர் நிலத்தை விற்றுக் கட்டிய பணம். இங்கிலீஷில் நடக்கிற நல்ல கல்லூரியிலும் நோயாளி இங்கிலீஷ் பேச மாட்டார், வயிற்றில் எங்கே வலிக்கிறது என்று அவர் மொழியில்தான் கேட்க வேண்டும். ஆகவே ஆறு வருடமும் எந்த மொழியில் பாடம் நடக்கும் என்பதை எழுத்தில், பல்கலைக்கழகத்திடமிருந்தே வாங்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

ஜப்பான், பிரான்ஸ் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகையில் இளநிலைப் படிப்புக்குத் தேர்வானால் முதல் ஒரு வருடம் ஜப்பானிய மொழிக்கே ஒதுக்கிவிடுகிறார்கள், மொழியை முடித்துவிட்டுப் பாடத்துக்குள் விடுகிற இந்த முறை எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் போட்டி கடுமை. பிரெஞ்சு வழியில் பட்டம் படிக்க வழக்கமாக பி2 கேட்பார்கள், அதற்குப் புதுச்சேரியும் சென்னையும் நமக்குப் பக்கம்.

தங்கச்சியிடம் ஒரு சோதனை வைத்தேன், நீங்களும் வைத்துப் பார்க்கலாம். உனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பாடத்தை எடுத்துக்கொள், ஐந்து நிமிடம் போனில் பதிவு பண்ணி இங்கிலீஷில் நடத்து, அப்புறம் அந்தப் பாடத்தில் ஒரு சந்தேகத்தை இங்கிலீஷில் கேள். அவள் மின்னாற்பகுப்பை எடுத்தாள். நடத்தியது இரண்டு நிமிடம் ஓடியது, திக்கித் திக்கி. சந்தேகம் கேட்பது வரவே இல்லை. சரி, அப்படியென்றால் இன்றைக்கு ஜெர்மன் வழிப் படிப்புக்கு ஓடுவது ஒரு ஆற்றைத் தாண்டாமலே அடுத்த ஆற்றில் இறங்குகிற மாதிரி என்று சொன்னேன். முகம் வாடிவிட்டது. ஜெர்மனியை விடச் சொல்லவில்லை, நான்கு வருடம் தள்ளி வை, அதற்குள் இங்கிலீஷில் வாய் திறந்துவிடு, ஜெர்மனைப் பக்கத்திலேயே மெதுவாக ஏற்றிக்கொண்டு வா என்றேன்.

அப்பத்தா அதுவரை வெற்றிலை மடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தவர், எங்கள் ஐயாவின் அப்பச்சி, அதாவது தாத்தாவின் அப்பா, பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போனதைச் சொன்னார், கடல் கடந்து தொழில் செய்யப் போவதை அப்படித்தான் சொல்வோம். பெட்டியடிப் பையனாக, கடையின் கடைசிப் படி வேலைக்கு, போனபோது ஒரு பர்மியச் சொல்லும் தெரியாதாம். கடையில் பேரேடு தமிழில், வாசலில் பேச்சு பர்மியத்தில். கணக்கைத் தெரிந்த மொழியில் வைத்துக்கொண்டதால் பேச்சு மொழியைப் பயமில்லாமல் கற்றுக்கொண்டார், சில வருடத்தில் அடுத்தாள், அதாவது மேலாளுக்கு அடுத்த இடத்தில் இருப்பவர், ஆகிவிட்டார் என்றார். நான் இவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றிச் சொன்னதை அப்பத்தா ஒரு வெற்றிலை மடிக்கிற நேரத்தில் சொல்லிவிட்டார். நோட்டின் இடது பக்கம் தமிழ், வலது பக்கம் இங்கிலீஷ் என்று பிரித்து எழுதும்படி தங்கச்சியிடம் நான் சொன்னது அன்றைக்குத்தான்.

அரசு வேலைச் சலுகை போகிறதே என்று சித்தப்பாவுக்கு இன்னும் மனத்தாங்கல் உண்டு, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இவளுக்கு லேப் மேல்தான் ஆசை என்று தெரிந்த பிறகுதான் அவரும் சம்மதித்தார், ஆசை வேறாக இருந்திருந்தால் நானே தமிழ் வழி என்றுதான் சொல்லியிருப்பேன். இப்போது காரைக்குடியிலேயே இங்கிலீஷ் வழி பி.டெக். சேர்ந்திருக்கிறாள். வாரத்துக்கு ஒரு சந்தேகமாவது வகுப்பில் எழுந்து கேட்க வேண்டும் என்று பேச்சு, கேட்ட கேள்வியைத் தேதி போட்டு எனக்கு அனுப்ப வேண்டும். முதல் மாதம் ஒன்றுதான் வந்தது, போன மாதம் ஐந்து. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏ1 படிக்கிறாள். ஏ2வுக்குச் சென்னையில் சேரட்டுமா, ஆன்லைன் போதுமா என்று கேட்டாள். காலையில் பல்லவன் ரயில் ஏறினால் மதியம்தான் சென்னை, ஒரு வகுப்புக்காக வாராவாரம் அந்த அலைச்சல் வேண்டாம், ஆன்லைனே எடு, தேர்வுக்கு மட்டும் போய்க்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.